பிரவுன் சுகர் டப்பாவுக்குள் ஓர் அகல் விளக்கு

டிசம்பர் 21, இரவு 10.30 மணி. விடிந்தால் ஆறு பிளம் கேக் கொடுத்தாக வேண்டும். வெண்ணெயைச் சாயங்காலமே வெளியே எடுத்து வைத்திருந்தேன், விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்துக்கு இளகியிருந்தது. முந்திரியும் உலர்திராட்சையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறி உப்பிக் கிடந்தன. பிரவுன் சுகர் டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டேன். 'டங்' என்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கரண்டிதான் வளைந்தது. டப்பாவைக் கவிழ்த்து முதுகில் நாலு தட்டு தட்டியதும், ஒன்றேகால் கிலோவும் டப்பா வடிவத்திலேயே முழுசாக இறங்கிச் சமையல் மேடையில் உட்கார்ந்தது. டப்பாவின் அடியில் இருந்த வட்ட முத்திரைகூட அதில் அச்சாகப் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் கோயமுத்தூரில் எந்தக் கடை திறந்திருக்கும்? பழைய துண்டில் சுற்றி அம்மிக்குழவியால் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் மறுநாள் கேட்டார்கள், ராத்திரி என்னங்க செவுரு இடிச்சீங்களா என்று. உடைத்ததைச் சலித்து, சலித்தது போதாமல் குருணையையும் சேர்த்து, வெண்ணெயோடு அடித்து எப்படியோ கேக்கை அடுப்பில் ஏற்றிவிட்டேன். சக்கரை நைசாக இருந்தால்தான் வெண்ணெயோடு கலந்து நுரைத்து மேலே வரும். குருணை அப்படியே மாவுக்குள் உட்கார்ந்துகொண்டு, சூட்டில் உருகி, அந்த இடத்தில் ஒரு குழியைப் பண்ணிவிட்டது. வெட்டிய துண்டில் நாலணாக் காசு அளவுக்குப் பழுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று குழிகள். "உள்ளே வேகலையாட்டம் இருக்குதுங்களே" என்று இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது. வெந்துதான் இருந்தது. ஆனால் அதை எப்படிப் போனில் நிரூபிப்பது? இரண்டு கேக்குக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் சக்கரை விளையும் ஊர்க்காரி. எங்கள் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம். பவானிக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் நடுவில். அங்கே சக்கரை என்றால் நாட்டுச் சக்கரைதான். வெள்ளையாக இருப்பதற்கு அஸ்கா என்று பெயர். ஒடிசாவில் அஸ்கா என்று ஓர் ஊர், அங்கே இருந்த பழைய சீனி ஆலையின் பெயர் இங்கே வந்து பொருளுக்கே பெயராகிவிட்டது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சக்கரையை 60 கிலோ மூட்டையாக ஏலம் விடுவார்கள். பழனி கோவில் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் சக்கரை போகிறது. சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், விருப்பாச்சி வாழைப்பழத்தோடு சக்கரையைப் பிசைந்தே செய்யும் பஞ்சாமிர்தம் பிரிட்ஜ் இல்லாமல் அத்தனை நாள் தாங்குவதற்கு, பழத்தின் ஈரத்தைச் சக்கரை தன்வசம் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். இந்தக் குணத்தைத்தான் நான் பின்னால் படாதபாடு பட்டுப் புரிந்துகொண்டேன்.

சின்ன வயதில் தை, மாசியில் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டுக்குப் போனால் ஆலைக்கொட்டகையில்தான் பொழுது போகும். கொப்பரையில் கரும்புச்சாறு கொதித்து, அழுக்கு நுரையாகப் பொங்கிவர, அதை வழித்து வழித்து எடுப்பார்கள். பாகு பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றி, ஆற ஆற மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது பொடிந்து சக்கரையாகும். அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம், கையில் பிடித்தால் உருண்டை வெல்லம். மூன்றும் ஒரே பாகு. வீட்டுக்கு வரும் சக்கரையை அமுச்சி அன்றைக்கே பானையில் போட விடாது. வெள்ளைத் துணியில் பரத்தி ஒரு ராத்திரி முழுக்க ஆறவிடும். "சூட்டோட கட்டி வெச்சா வேர்த்துப் போகும் கண்ணு" என்று சொல்லும். பிறகு மொடா என்கிற பெரிய பானையில் நிரப்பி, வாயை வேட்டித் துணியால் கட்டி, மேலே தட்டுப் போட்டு, பலகை மேல் ஏற்றி வைக்கும். தரையில் வைத்தால் தரையின் ஈரம் ஏறும். ஈரக்கை, ஈரக்கரண்டி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மொடாவைத் திறந்த என் சித்திக்கு ஒரு நாள் விழுந்த வசவு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

இவ்வளவு பார்த்தும் ஐப்பசி அடைமழைக்கு அடிச்சக்கரை கசிந்து பாகாகத்தான் நிற்கும். அமுச்சி அதற்கெல்லாம் கவலைப்படாது. தீபாவளிப் பலகாரமான கச்சாயத்துக்கு அதைத்தான் வழித்து எடுக்கும்.

ஆக, சக்கரைக்கு எதிரி ஈரம் என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அந்தப் பாடத்தை அப்படியே பிரவுன் சுகருக்குப் போட்டேன். வைட்டமின் மாத்திரைப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அம்மா மாதிரியே நானும் சேர்த்து வைக்கிற ஆள். தீபாவளி ஆர்டருக்கு வாங்கிய பிரவுன் சுகரை டப்பாவில் கொட்டி, மழைக்காலமாச்சே என்று நாலு பொட்டலத்தை அதற்குள் செருகினேன். போதாக்குறைக்கு, அந்த டப்பாவின் மூடி சரியாக அழுந்தாது. மழை விட்டு மார்கழிப் பனிக்காற்று தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் காற்று பகலில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உதடு வெடித்தவர்களுக்குத் தெரியும். உள்ளே பொட்டலம் உறிஞ்ச, வெளியே காற்று உறிஞ்ச, ஏழு வாரத்தில் செங்கல் தயார்.

இரண்டும் பழுப்பு, இரண்டும் கரும்பு, அப்புறம் எப்படி ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதலாகும்? அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு உட்கார்ந்து இதைத்தான் படித்தேன். நாட்டுச் சக்கரை முழுச் சாற்றையும் காய்ச்சி எடுத்தது. கடையில் விற்கும் பிரவுன் சுகர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. சுத்தம் பண்ணிய வெள்ளைச் சீனியின் மேல் மொலாசஸை, அதாவது சீனி எடுத்தபின் மிஞ்சும் கருத்த பாகைப் பூசிச் செய்வது. வெளிர் ரகத்தில் மொலாசஸ் சுமார் 3.5 சதவீதம், கருத்த ரகத்தில் சுமார் 6.5. ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் மெல்லிய பாகு ஒரு சட்டை மாதிரி போர்த்தியிருக்கிறது. அந்தச் சட்டை ஈரமாக இருக்கும்வரை குருணைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கையில் அள்ளினால் ஈர மணல் மாதிரி இருக்கும். சட்டை காய்ந்தால் பாகில் கரைந்திருந்த சீனி படிகமாகி, பக்கத்துக் குருணையோடு பாலம் போட்டுக்கொள்ளும். செங்கல் சந்தில் சிமெண்ட் இறுகுவதுபோலத்தான். கெட்டுப்போவது கிடையாது, ருசியும் மாறுவதில்லை. போனது கொஞ்சம் தண்ணீர் மட்டும்.

நாட்டுச் சக்கரையின் கதை வேறு. காய்ச்சும்போதே சுக்ரோஸில் (வெள்ளைச் சீனி என்பது அதுதான்) ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறிவிடுகிறது; கூடவே சாற்றின் உப்புகளும் உண்டு. சுத்தமான சுக்ரோஸ், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டிப் போனால்தான் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஃபிரக்டோஸுக்கு 62 சதவீதமே போதும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சமையலறையில் தொங்கும் ஈரப்பதமானி 80-க்குக் கீழே இறங்காது. அப்புறம் மொடாவின் அடி கசியாமல் என்ன செய்யும்? அதே மானி மாசி, பங்குனி மத்தியானத்தில் 30-க்குக் கீழே நிற்கும். ஒரே அலமாரி, ஒரே ஆள், ஆறு மாதத்துக்கு ஒரு சக்கரை அழும், அடுத்த ஆறு மாதத்துக்கு இன்னொன்று விறைக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் 'பிரவுன் சுகர்' என்று எழுதி வரும் எல்லாமே இந்த ரகம் இல்லை. பொன்னிறத்தில், பெரிய பெரிய குருணையாக, கையில் ஒட்டாமல் உதிர்வதும் அதே பெயரில் விற்கிறது. டெமராரா மாதிரியான அந்த ரகம் காபிக்கு நன்றாக இருக்கும், இறுகும் தொல்லையும் அதற்குக் கிடையாது, ஆனால் குக்கீஸுக்குள் போட்டால் மெதுமை வராது. பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்த இடம் பதிந்தபடியே இருந்தால்தான் நான் சொல்லும் சரக்கு. (டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் "அரைக் கிலோ பிரவுன் சுகர் எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். ஒரு போதைப்பொருளுக்கும் அதே பெயர்தான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும்.)

இறுகியதை இளக்குவதற்கு வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முதல் வழி, டப்பாவுக்குள் ஒரு துண்டு ரொட்டி போடுவது. நம்ப முடியாமல்தான் செய்து பார்த்தேன். மீதியிருந்த கட்டியை நாலு பங்காக்கி நாலு பாட்டிலில் போட்டேன். ஒன்றில் பிரெட் துண்டு, ஒன்றில் ஆப்பிள் கீற்று, ஒன்றில் பிழிந்த ஈர டிஷ்யூ, ஒன்றில் எதுவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் திறந்தால், பிரெட் ரஸ்க் மாதிரி காய்ந்து நொறுங்கியது, சக்கரை விரலுக்கு உதிர்ந்தது! ரொட்டியின் ஈரத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆப்பிளும் வேலை செய்தது, ஆனால் கீற்று பட்ட இடத்தில் சக்கரை கூழாகி, சுற்றிலும் லேசாகப் பழவாடை. டிஷ்யூ வைத்ததில் மேலே பாகு, கீழே கல். ஒன்றும் வைக்காதது அப்படியே கிடந்தது. மகிழ்ச்சியில் பிரெட்டையும் ஆப்பிளையும் எடுக்காமல் விட்டுவிட்டேன். நாலாம் நாள் பிரெட்டின் ஓரத்தில் பச்சை பூத்துவிட்டது. குளிர்தேசத்தில் ஒருவேளை தாங்கும்; நம் வெக்கைக்கு ஒரு ராத்திரிதான் கெடு. போட்டால் காலையில் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கென்றே சுட்ட மண்ணில் வில்லைகள் விற்கிறார்கள், சின்னக் கரடிப் பொம்மை வடிவத்தில்கூட. தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, சக்கரைக்குள் போட்டுவிட வேண்டியதுதான். விலையைப் பார்த்துக்கொண்டே நான் யோசித்துக்கொண்டிருக்க, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மகள் சொன்னாள்: "இது நம்ம வெளக்கு தானம்மா?"

அதேதான். மெருகு பூசாத சுட்ட மண். கார்த்திகைக்கு வாங்கி, ஏற்றாமல் மிச்சமான அகல் விளக்குகள் பரண்மேல் இருந்தன. ஒன்றை எடுத்துத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். சமையல் தராசில் 31 கிராம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போட்டதும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம், குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. 20 நிமிஷம் கழித்து எடுத்து, துணியால் ஒற்றி, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைத்து மறுபடி நிறுத்தேன்: 36 கிராம். ஆக 5 கிராம் தண்ணீர், ஒரு டீஸ்பூன். அரைக் கிலோ சக்கரைக்கு அது ஒரு சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பிரவுன் சுகரில் மொத்தமாக இருக்கும் ஈரமே இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான், அதனால் இந்த ஒரு டீஸ்பூன் பெரிய விஷயம். மண் அதை ஒரேயடியாகக் கொடுக்காமல், டப்பாவுக்குள் இருக்கும் காற்றின் வழியாக மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. டிஷ்யூ செய்த மாதிரி ஓரிடத்தைக் கரைத்து வைப்பதில்லை. மூன்றாம் நாள் கட்டி முழுக்க உதிர்ந்துவிட்டது.

விளக்கு எது என்று பார்த்து எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றி ஒருமுறை ஏற்றிய விளக்கு ஆகாது. எவ்வளவு கழுவினாலும் சிக்கு வாடை சக்கரைக்குப் போகும். கலர் பெயிண்ட் அடித்தது, ஜிகினா ஒட்டியது, காவி பூசியது எதுவும் வேண்டாம். வெறும் மண்ணாக இருந்தாலும், ஊறவைத்த தண்ணீர் சிவப்பாக இறங்கினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். நன்றாக வெந்த விளக்கைச் சுண்டினால் கணீரென்று இருக்கும். நான் சக்கரையின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வட்டத்தைப் போட்டு, அதன்மேல் விளக்கைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறேன். மூடி இறுக்கமாக இருந்தால் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை நனைத்தால் போதும். மூடி லொடலொட என்று இருந்தால் வாராவாரம் நனைத்தாலும் போதாது. உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி வேலை மூடியுடையது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாறிய பிறகு மழை மாதங்களில் எனக்கு விளக்கே தேவைப்படுவதில்லை.

இந்த வெற்றி தலைக்கேறியதில் அடுத்த ஐப்பசியில் நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. ஊரிலிருந்து அம்மா மூன்று கிலோ நாட்டுச் சக்கரை கொடுத்தனுப்பியிருந்தார். போன வருஷத்தது கட்டி கட்டியாகப் போனது நினைவுக்கு வந்தது. கட்டி என்றால் ஈரம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? நனைத்த விளக்கு இரண்டை உள்ளே வைத்து இறுக்கி மூடினேன். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திருகினால் 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. கூடவே கள்ளுக்கடை வாசம். பக்கவாட்டில் சக்கரை கருத்துப் பளபளவென்று சேறாகியிருந்தது. விளக்குகள் பாதிக்கு மேல் அமிழ்ந்து, வெளியே தெரிந்த விளிம்பில் வெள்ளையாகப் பூசணம். புளித்தே போய்விட்டது.

அம்மாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சக்கரைக்குத் தண்ணி காட்டுனயா? ஏஞ்சாமி, அதென்ன எருமைக் கன்னா?"

கட்டி விழுந்ததற்கு நான் கண்டுபிடித்த காரணம்தான் தப்பு. நாட்டுச் சக்கரை முதலில் மழைக்கு ஈரத்தை இழுத்துக் கசிகிறது. பிறகு வெயிலுக்கு அந்த ஈரம் போய் இறுகுகிறது. கட்டியைத் தடுக்க வேண்டுமானால், முதல் ஈரம் உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். கசிந்ததற்கு மேலே தண்ணீரும் காட்டினால் சர்க்கரைச்செறிவு குறைந்து, அதுவரை சும்மா கிடந்த ஈஸ்ட் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த மூன்று கிலோவையும் தென்னைமரத்து எறும்புகளுக்குத்தான் கொடுத்தேன்.

இப்போது என் அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பிரவுன் சுகர் ஜாடிக்குள் விளக்கு, நாட்டுச் சக்கரை ஜாடிக்குள் அந்தச் சிலிக்கா பொட்டலம். பொருள் இரண்டும் நல்லதுதான், நான்தான் வீடு மாற்றிக் குடிவைத்திருந்தேன். பொட்டலம் புதிதாக, கிழியாததாக, தின்பண்டத்தோடு வைக்க உகந்ததாக இருக்க வேண்டும். நீலமணி தெரிகிற பழைய ரகம் வேண்டவே வேண்டாம். நல்ல பொட்டலம் இல்லாத மாதங்களில் ஒரு பிடி பச்சரிசியை வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவைத்து, மல்துணியில் முடிச்சுப்போட்டு உள்ளே வைக்கிறேன். ஏதோ கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். பெரிய சரக்கைப் பிரித்து மாதத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஜாடியில் போட்டு வைத்ததுதான் அதைவிடப் பலன் தந்தது. ஒன்றைத் திறந்து மூடுவதால் மற்றதெல்லாம் நனைவதில்லை. கருப்பட்டிக்கும் இதே கணக்கு. முழு வட்டாக வைத்திருக்கும்வரை தாங்குகிறது. வேலை மிச்சம் என்று மொத்தத்தையும் தட்டிப் பொடித்து வைத்தால் முதல் மழைக்கே பிசின்.

பிரிட்ஜைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாட்டுச் சக்கரையை இறுக்கமான டப்பாவில் வைத்தால் மழைக்காலத்துக்கு நல்ல இடம்தான். ஆனால் வெளியே எடுத்த உடனே திறந்தால் குளிர்ந்த சக்கரைமேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும், அல்லது வேண்டியதை எடுத்து அப்போதே உள்ளே தள்ள வேண்டும். பிரவுன் சுகருக்கு பிரிட்ஜ் வேண்டாம். அங்கே காற்று காய்ந்தது, மூடி கொஞ்சம் ஏமாற்றினாலும் இறுகிவிடும்.

என்னதான் பார்த்தாலும் ஏதாவது ஒரு ராத்திரி கட்டியோடு மாட்டிக்கொள்வோம். மைக்ரோவேவ் இருந்தால் கட்டியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஈர டிஷ்யூவைச் சக்கரையில் படாமல் மூடி, 20 விநாடி. எடுத்து முள்கரண்டியால் கிளறி, தேவைப்பட்டால் இன்னொரு 20. ஒரேயடியாக ஒரு நிமிஷம் வைத்தால் நடுப்பகுதி உருகிக் கொதிக்கும், தொட்டால் கை கொப்பளிக்கும். என்னிடம் அப்போது மைக்ரோவேவ் கிடையாது. இட்லிக் குண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தட்டின்மேல் கிண்ணத்தை வைத்து, மூடிக்கு அடியில் துணியைக் கட்டி மூடுவேன். துணி இல்லாவிட்டால் மூடியில் சேரும் தண்ணீர் சொட்டிச் சக்கரை பாகாகிவிடும். ஐந்து நிமிஷத்தில் ஓரம் உதிரும், உதிர்ந்ததை எடுத்துக்கொண்டு மீதியை மறுபடி வைக்கலாம். இப்படிச் சூட்டில் இளக்கியதை ஆறவைத்து உடனே மாவில் சேர்த்துவிட வேண்டும். சும்மா விட்டால் அரைமணியில் முன்னைவிடக் கெட்டியாகும். சூடாகவே வெண்ணெயில் கொட்டினால் வெண்ணெய் உருகிக் கேக் தட்டையாகும், அதையும் ஒருமுறை பண்ணிப் பார்த்துவிட்டேன்.

எப்போதாவது பேக்கிங் செய்கிறவர்கள் கிலோ கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. ஒரு புட்டி மொலாசஸ் வாங்கி வைத்தால் போதும், அது சட்டென்று கெடாது. 200 கிராம் வெள்ளைச் சீனிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மொலாசஸ், கையாலேயே பிசறினால் ஐந்து நிமிஷத்தில் வெளிர் பிரவுன் சுகர். கருப்பாக வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன். மாவாக அரைத்த சீனி வேண்டாம், சாதாரணச் சீனியைக் கொஞ்சம் பொடித்தால் நன்றாகப் பிடிக்கும்.

அளப்பதில் ஒரு சின்னத் தகவல். மேல்நாட்டுக் குறிப்புகளில் ஒரு கப் பிரவுன் சுகர் என்றிருந்தால், அழுத்தி நிரப்பிய கப் என்று பொருள். அது 210 கிராமுக்கு மேல் வரும். உதிரியாகப் போட்டால் ஐம்பது கிராம்கூடக் குறையலாம். அதனால் நான் கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு வந்துவிட்டேன். கிராமில் போட்டால் கட்டியானாலும் உதிரியானாலும் கணக்கு மாறாது. பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச் சக்கரையை அதே எடைக்குப் போடலாம், வாசம் இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் சலித்துவிட்டுப் போடுங்கள். கரும்புத்தோகைத் துணுக்கும் மண்ணும் எங்கள் ஊர்ச் சக்கரையிலேயே இருக்கும், மற்ற ஊரைப் பற்றி நான் ஏன் பேசுவானேன்.

போன கார்த்திகை தீபத்துக்குப் புது விளக்கு இருபத்தேழு வாங்கிவந்தேன். மகள் திண்ணையில் அடுக்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எண்ணினாள். அப்புறம் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சின்னப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். "அம்மா, சாமிக்கு ஏத்தறதுக்கு முந்தி உன்ற சக்கரைக்கு எடுத்துட்டயா?"

இரண்டுதான் எடுத்தேன். ஒன்று உடைந்தால் ஒன்று வேண்டாமா?